அம்மா அப்பாவுடன் ரோம், வியன்னா, புடாபெஸ்ட், பாரிஸ்: சாப்பாட்டை எப்படிச் சமாளிப்பது

மே மாதக் கடைசியில் பெற்றோரை இந்த நான்கு ஊர்களுக்கும் அழைத்துப் போகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு எழுபதை ஒட்டிய வயது, சர்க்கரை உண்டு. அசைவம் சாப்பிடுவார், ஆனால் மாடும் பன்றியும் தொடமாட்டார். அம்மா சைவம், கேக்கில் முட்டை கலந்திருந்தால் மட்டும் பரவாயில்லை என்பார். தினமும் இந்தியச் சாப்பாடு போடும் டூர் பஸ்ஸில் போவதா, நாமே போய் அந்தந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்ப்பதா என்பது உங்கள் கேள்வி.

நீங்களே அழைத்துப் போங்கள். நான் வியன்னாவில் பல வருடங்களாக இருக்கிறேன். என் பெற்றோரையும் நண்பர்களின் பெற்றோரையும் இந்த ஊர்களில் கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். "வயசானவங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று பிள்ளைகள்தான் முடிவு கட்டுகிறார்கள். பெரியவர்கள் புதுச் சாப்பாட்டுக்கு அவ்வளவு எதிரிகள் இல்லை. பசி நேரத்தில் கிடைக்காமல் போவதும், தட்டில் இருப்பது என்னவென்று தெரியாமல் இருப்பதும்தான் அவர்களுக்குக் கஷ்டம். இந்த இரண்டையும் நீங்கள் பார்த்துக்கொண்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

நேரத்துக்கு நான் சொல்லும் வழி இதுதான்: மதியம் ஊர்ச் சாப்பாடு, ராத்திரி நம் சாப்பாடு. ரோமில் பெரும்பாலான ஓட்டல்கள் ராத்திரிக்குத் திறப்பதே ஏழரை மணிக்குத்தான். பாரிஸிலும் மதியம் இரண்டு, இரண்டரைக்குச் சமையலறையை மூடினால் ஏழு மணிக்கு மேல்தான் மறுபடி அடுப்பு எரியும். ஏழு மணிக்குச் சாப்பிட்டு மாத்திரை போட்டுப் பழகிய அப்பாவுக்கு இந்த நேரம் ஒத்துவராது. நாளெல்லாம் நடந்த அலுப்பும் சேர்ந்துகொள்ளும். மதியம் அப்படியில்லை. பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கெல்லாம் கடை திறந்துவிடும். வியன்னாவில் வேலை நாட்களில் 'மிட்டாக்ஸ்மெனு' என்று மதியத்துக்கு மட்டும் விலை குறைந்த செட் சாப்பாடு பல இடங்களில் உண்டு, பாரிஸில் 'ஃபோர்முல்' என்பார்கள். புதிதாக ஒன்றைச் சாப்பிட்டு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பகலில் தெரிந்துவிடும், ராத்திரித் தூக்கம் கெடாது.

ஆகவே ஓட்டல் அறைக்குப் பதில் சமையலறை உள்ள அபார்ட்மென்டாக எடுங்கள். கட்டிடத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பழைய கட்டிடங்களில் பலவற்றில் இருக்காது. அரிசி சுமந்து வர வேண்டாம். எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் பாஸ்மதி கிடைக்கும். தயிர் சாதத்துக்கு அதைவிட இத்தாலியக் குட்டை அரிசி நல்லது, நன்றாகக் குழையும். வியன்னாவில் 'ரண்ட்கோர்ன்ரைஸ்' என்று கேளுங்கள். கெட்டித் தயிர் 'நாட்டூர்யோகர்ட்' என்ற பெயரில் இருக்கும். ஊரிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப் பொடி, ஊறுகாய், அப்பளம் கொண்டுவந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவரக் கூடாது, நெய்யும் அதில் அடங்கும். புதுக் காய்கறி, பழம், இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. அம்மா ஆசையாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை எடுத்து வைத்திருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், நெய்க்கு வெண்ணெயை இங்கே வாங்கி உருக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது, தட்டில் இருப்பது என்ன என்பது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன். "அம்மாவுக்குத் தெரியவா போகிறது" என்று எதையும் மறைக்காதீர்கள். பார்மிஜானோ, பெக்கோரினோ ரொமானோ போன்ற பழைய பாலாடைக்கட்டிகளில் பாலை உறையவைப்பது கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் அப்படித்தான் செய்தாக வேண்டும். கிளம்பும் முன்பே அம்மாவிடம் சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள். பரவாயில்லை என்பவர்களும் உண்டு, வேண்டாம் என்பவர்களும் உண்டு. வேண்டாம் என்றாலும் சாப்பிட நிறைய இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கை ஒருமுறை போய்விட்டால், மீதி நாளெல்லாம் அவர் வெறும் ரொட்டியும் பழமும்தான் சாப்பிடுவார்.

இதற்கு ஒரு உதவி உண்டு. 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் ஒவ்வாமை தரக்கூடிய பதினான்கு பொருள்களைப் பற்றி ஓட்டல்கள் வாடிக்கையாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆஸ்திரியாவில் மெனுவிலேயே ஒவ்வொரு பதார்த்தத்தின் பக்கத்திலும் பொடி எழுத்தில் 'ஏ, சி, ஜி' என்று போட்டிருப்பார்கள். 'சி' என்றால் முட்டை, 'டி' மீன், 'ஜி' பால். அம்மாவுக்கு 'சி', 'டி' இரண்டையும் காட்டிக் கொடுத்துவிட்டால் அவரே மெனுவைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். ஆனால் அந்தப் பதினான்கில் இறைச்சி கிடையாது, அதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய முக்கியமான இடம் சூப். நான்கு ஊரிலும் காய்கறி சூப்பின் அடியில் மாட்டெலும்புத் தண்ணீர் இருக்கலாம். பாரிஸின் வெங்காய சூப் வழக்கமாக மாட்டிறைச்சி வடிநீரில் செய்வது. வியன்னாவின் உருளைக்கிழங்கு சாலட்டைப் பார்த்தால் பரம சைவமாகத் தெரியும், ஆனால் அதையும் மாட்டு சூப் ஊற்றித்தான் பிசறுவார்கள். அப்பாவுக்கும் அது ஆகாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

சரி, ஊர்களுக்கு வருவோம். ரோமில் நால்வகைப் பாஸ்தா பெயர்பெற்றது: கார்பொனாரா, அமாத்ரிச்சானா, க்ரீச்சா, காச்சோ ஏ பேபே. முதல் மூன்றிலும் பன்றிக் கன்னக் கொழுப்பு உண்டு. கடைசியானதில் பெக்கோரினோவும் மிளகும் மட்டும். பாலாடைக்கட்டி வேண்டாம் என்றால் அம்மாவுக்குப் பென்னே அல்லர்ராபியாத்தா வாங்குங்கள். தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய், ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். மேலே சீஸ் தூவாமல் கொடுக்கச் சொல்லுங்கள். உலர்ந்த பாஸ்தாவில் முட்டை இருக்காது, கையால் புதிதாகச் செய்த பாஸ்தாவில் பெரும்பாலும் இருக்கும். அதோடு மெனுவின் பின்பக்கத்தில் 'கொந்தோர்னி', அதாவது தொட்டுக்கொள்ளும் காய்கறிகள், என்று ஒரு பகுதி இருக்கும், நம்மவர்கள் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். அதில் 'சிக்கோரியா ரிபஸ்ஸாத்தா' என்பது வேகவைத்த கீரையைப் பூண்டு, மிளகாயோடு எண்ணெயில் வதக்கியது. லேசான கசப்பு இருக்கும், அம்மாவுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும். பூசணிப்பூவை மாவில் தோய்த்துப் பொரித்து வைத்திருப்பார்கள், அதற்குள் மொஸரெல்லாவோடு நெத்திலி மாதிரிச் சிறிய உப்பு மீன் ஒளிந்திருக்கும். 'அலீச்சி' இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அப்பாவுக்கு 'அபாக்கியோ', அதாவது இளம் ஆட்டுக்கறி, அதிலும் கம்பியில் சுட்ட விலாத்துண்டு. கையால் எடுத்துச் சாப்பிடுவதுதான் அதற்கு முறை. சால்திம்போக்கா வேண்டாம், அது கன்றுக்கறியும் பன்றியும்.

ரோமில் பெரியவர்களுக்கு எல்லாவற்றையும்விட வசதியானது 'பீட்சா அல் தாலியோ' கடை. நீள நீளத் தட்டுகளில் பீட்சா பரப்பியிருக்கும். கடைக்காரர் கத்தியை ரொட்டியின் மேல் வைத்து, "இவ்வளவா?" என்பதுபோல உங்களைப் பார்ப்பார். கையால் காட்டினால் போதும், பாஷை வேண்டாம். கத்தியை நகர்த்தி வெட்டி, சிலர் கத்தரிக்கோலாலேயே வெட்டி, எடை போட்டுத் திரும்பச் சூடாக்கி இரண்டாக மடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார். உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் போட்டது, தக்காளி மட்டும் தடவியது, கத்தரிக்காய் வைத்தது என்று நாலு விதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு முழு பீட்சாவைத் தட்டில் வைத்துக்கொண்டு தீர்க்க முடியாமல் தவிக்க வேண்டியதில்லை. தக்காளி மட்டும் உள்ள 'பீட்சா ரோஸா'வில் பால் பொருள் கிடையாது.

தண்ணீரையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். தெருவெங்கும் 'நஸோனே' என்று இரும்புக் குழாய்த் தூண்கள் நிற்கும், ஊர் முழுக்க இரண்டாயிரத்துக்கு மேல். நல்ல குடிநீர், குளிர்ச்சியாக ஓடிக்கொண்டே இருக்கும். வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் எகிறும், அப்பா குனியாமலே குடிக்கலாம். ஓட்டலில் தண்ணீர் கேட்கும்போது மட்டும் 'நாத்துராலே' என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் சோடா வந்து நிற்கும், அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்.

வியன்னாவில் எல்லோரும் ஷ்னிட்ஸெல், அதாவது ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த தட்டைக் கறித்துண்டு, சாப்பிடு என்பார்கள். வீனர் ஷ்னிட்ஸெல் என்று மட்டும் எழுதியிருந்தால் அது கன்றுக்குட்டிக் கறி, ஆஸ்திரியாவில் விதியே அப்படி. பன்றியில் செய்தால் 'ஃபொம் ஷ்வைன்' என்று சேர்த்து எழுத வேண்டும். அப்பாவுக்கு 'பாக்ஹெண்டல்' கேளுங்கள். எலும்போடு கோழித் துண்டுகளை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது, இதுவும் இந்த ஊரின் பழைய பதார்த்தம்தான். 'ஷ்மால்ட்ஸ்' போட்டுப் பொரிக்கிறார்களா, எண்ணெயிலா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஷ்மால்ட்ஸ் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. அம்மாவுக்கு மே மாதம் நல்ல காலம். மார்ஹ்ஃபெல்ட் சமவெளியிலிருந்து வரும் வெள்ளை அஸ்பராகஸ், இங்கே 'ஷ்பார்கல்' என்பது, ஜூன் வரை எல்லா ஓட்டலிலும் இருக்கும். வெண்ணெய் ஊற்றி, அவித்த உருளைக்கிழங்கோடு வாங்குங்கள். கூட வரும் மஞ்சள் சாஸில் முட்டைக்கரு உண்டு, அது வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஆஸ்திரியர்களுக்கு மதியச் சாப்பாடாக இனிப்பையே சாப்பிடும் வழக்கம் உண்டு. 'கைஸர்ஷ்மார்ன்' அப்படி ஒன்று: மாவு, பால், முட்டை சேர்த்துத் தடிமனாக வார்த்து, வாணலியிலேயே துண்டு துண்டாகப் பிய்த்துப் போட்டு, சர்க்கரை தூவி, பிளம் பழம் வேகவைத்த தொக்கோடு கொடுப்பார்கள். மூன்று பேருக்கு ஒன்று போதும், அப்பாவுக்கு இரண்டு வாய். உலர்ந்த திராட்சையை ரம்மில் ஊறவைத்திருப்பார்கள் என்பதால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஆப்பிள் ஷ்ட்ரூடலுக்கும் இதே எச்சரிக்கைதான்.

என்னைக் கேட்டால் வியன்னாவில் பெற்றோருக்கு நிச்சயம் காட்ட வேண்டியது காஃபிஹவுஸ். ஒரு 'மெலாஞ்' சொன்னால் நுரை ததும்பும் பால் காபி, சிறிய வெள்ளித் தட்டில், பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு வரும். கிளாஸின் மேல் குறுக்கே ஸ்பூனைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்து போகச் சொல்லமாட்டார்கள், உரிமையோடு உட்காரலாம். 2011இல் யுனெஸ்கோவுக்காக ஆஸ்திரியா வைத்திருக்கும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்தக் காஃபிஹவுஸ் வழக்கத்தையும் சேர்த்தார்கள். கால் வலிக்கும் பெரியவர்களுக்கு நல்ல நாற்காலி, சுத்தமான கழிப்பறை, மேசை நிறையச் செய்தித்தாள். கம்பில் மாட்டிய பேப்பரை என் அப்பா ஒரு எழுத்தும் புரியாமல் முழுக்கப் புரட்டிவிட்டு, பக்கத்து மேசைப் பெரியவருக்குத் தலையாட்டி வணக்கம் சொன்னார். அவரும் தலையாட்டினார். அன்றிலிருந்து அருங்காட்சியகம் எதையும் அப்பா கேட்கவில்லை, "அந்தக் காபிக் கடைக்குப் போவோமா?" என்றுதான் கேட்டார். கிளாஸில் வரும் அந்தத் தண்ணீர், குழாய்த் தண்ணீர்தான். ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து 1873 முதல் குழாய் போட்டுக் கொண்டுவருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வியன்னாவில் கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையங்களிலும் விமான நிலையத்திலும் உள்ள சிலதுதான் திறந்திருக்கும். மே மாதத்தில் வாரத்தின் நடுவிலும் கிறிஸ்தவ விடுமுறைகள் வரும். முந்தின நாளே பால், தயிர், காய் வாங்கி வைத்துவிடுங்கள்.

வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். உங்கள் பட்டியலில் அம்மா அப்பா இருவருக்கும் நாக்குக்கு நெருக்கமான ஊர் இதுதான் என்பேன். நம்மவர்கள் 'குலாஷ், அது மாடு' என்று அத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஹங்கேரியர்கள் வீட்டில் தினமும் சாப்பிடும் 'ஃபோஸெலேக்' யார் கண்ணிலும் படுவதில்லை. ஏதாவது ஒரு காய் அல்லது பருப்பு, பச்சைப் பட்டாணி, சுரைக்காய் வகை, கீரை, மஞ்சள் பட்டாணிப் பருப்பு, இதில் ஒன்றை வேகவைத்து மாவு கரைத்துவிட்டோ புளித்த கிரீம் சேர்த்தோ கெட்டியாக்குவார்கள். தேங்காய் போடாத கூட்டு என்று சொல்லிவிடலாம். மேலே வைக்கும் இறைச்சியையோ முட்டையையோ தனியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும், வேண்டாம் என்றால் விலையும் குறையும். தாளிப்பில் 'ஜீர்', அதாவது பன்றிக் கொழுப்பு, இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய சமையலில் அது சகஜம், இப்போது பல இடங்களில் எண்ணெய்தான். மஞ்சள் பட்டாணி ஃபோஸெலேக்கை ஒரு பொட்டலம் வாங்கி அறைக்கு எடுத்துப்போய், சூடான சாதத்தில் போட்டு ஊறுகாயோடு அம்மாவுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

அப்பாவுக்கு 'பாப்ரிகாஷ் சிர்கே': சிவப்பு மிளகாய்த் தூளும் வெங்காயமும் போட்டுக் கொதிக்கவைத்த கோழிக்குழம்பு, கொஞ்சம் புளித்த கிரீம். கூடவே கிள்ளிப் போட்ட சின்ன மாவு உருண்டைகள் வரும், அதில் முட்டை உண்டு. மீன் பிரியர் என்றால் 'ஹலாஸ்லே' சொல்லுங்கள். ஆற்றுக் கெண்டையில் செய்யும் சிவப்பு மீன் சூப், முள்ளைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். காரம் போதவில்லை என்றால் மேசையில் 'எரோஷ் பிஷ்தா' என்ற அரைத்த மிளகாய் விழுது இருக்கும், இல்லாவிட்டால் கேட்டால் தருவார்கள். ஒரு பாட்டில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பாரிஸில் உதவும். 1897இல் கட்டிய மத்தியச் சந்தையைக் காலையிலேயே போய்ப் பாருங்கள். மாடியில் கூட்டம் அதிகம், உட்கார இடம் குறைவு. கீழே காய்கறிக் கடைகளில் மாலை மாலையாகத் தொங்கும் காய்ந்த மிளகாயைப் பார்த்து அம்மா விலை கேட்காமல் நகரமாட்டார். 'லாங்கோஷ்' என்னும் பொரித்த ரொட்டியை அங்கேயோ தெருக்கடையிலோ வாங்கலாம். பூண்டுத் தண்ணீர் மட்டும் தடவியது அம்மாவுக்குச் சரியாக இருக்கும். சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் எண்ணெய்தான் நாக்கில் நிற்கும்.

பாரிஸைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோன்பர்னாஸ் ரயில் நிலையம் பக்கத்தில் 'ரூ த்யு மோன்பர்னாஸ்' என்ற தெருவுக்குப் போங்கள். பிரான்சின் மேற்குக் கோடியில் உள்ள பிரெத்தான் பகுதி ரயில்கள் வந்து நிற்கும் இடம் என்பதால் அந்த ஊர்க்காரர்கள் அங்கேயே குடியேறி வரிசையாக 'க்ரேப்' என்னும் மெல்லிய தோசை மாதிரிப் பண்டக் கடைகள் போட்டார்கள். அங்கே 'கலெத்' என்பது பக்வீட் மாவில் வார்ப்பது, உப்புச் சுவை. மாவில் முட்டை சேர்க்கிறார்களா என்று கேட்டுவிட்டு, காளான், கீரை, ஆட்டுப்பால் சீஸ் வைத்தது அம்மாவுக்கு. 'கம்ப்ளேத்' என்று எழுதியிருந்தால் பன்றித் தொடைக்கறி உள்ளே இருக்கும். அப்பாவுக்குத் தெருச் சந்தைகளில் சுழலும் கம்பியில் சுடும் கோழி, வடியும் சாற்றிலேயே வெந்த உருளைக்கிழங்கோடு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். 'கராஃப் தோ' என்று கேட்டால் ஓட்டலில் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவார்கள், ரொட்டியும் அப்படித்தான். பல் கட்டியவர்களுக்கு பாகெத் என்னும் நீள ரொட்டியின் மேல் ஓடு கடினம், நடுப்பகுதியைப் பிய்த்துக் கொடுங்கள்.

கடைசி இரண்டு நாளில் ஒரு மதியம் லா ஷப்பெல் போய்வாருங்கள். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். ஈழத் தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு. இடியப்பம், கொத்து ரொட்டி, வடை, வெற்றிலை முதல் எல்லாம் கிடைக்கும். 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயமும் பக்கத்திலேயே இருக்கிறது. அதை முதல் நாளே வைத்துவிட்டால் மற்ற நாளெல்லாம் பெற்றோர் அங்கேயே போகலாம் என்பார்கள், அதனால்தான் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். கோயிலின் மதிய நடை சாத்தும் நேரத்தை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.